ஏரேஷன் டேங்கில் நச்சு இறங்கினால்: அறிகுறி வாரியாகப் பிழை நீக்கும் வழிமுறை

பல ஆலைகளின் கழிவுநீரைச் சேர்த்துச் சுத்திகரிக்கும் பொது சுத்திகரிப்பு நிலையத்துக்குள் என்ன வருகிறது என்பதை இன்லெட் (கழிவுநீர் நுழையும் இடம்) மீட்டர்கள் பாதிதான் சொல்லும். பி.எச். (அமில-கார அளவு), டி.டி.எஸ். (கரைந்த உப்புகளின் அளவு), சி.ஓ.டி. (கழிவை ஆக்சிஜனேற்றத் தேவைப்படும் ஆக்சிஜன், அதாவது கழிவின் சுமை) மூன்றும் வழக்கம்போலவே இருக்கும். அதற்குள் ஒரு சம்ப் (கழிவுநீர் தேக்கும் குழி) நிறைய ஹைப்போகுளோரைட் என்ற குளோரின் வெளுப்பானோ, ஈரத்தோலுக்குப் போடும் பூஞ்சைக்கொல்லிக் கரைசலோ உள்ளே புகுந்து, ஏரேஷன் டேங்கில் (காற்றூட்டும் தொட்டி) கழிவைத் தின்னும் பாக்டீரியாவை முடக்கியிருக்கும். வெளியேறும் தண்ணீரின் சி.ஓ.டி. ஏறும்போதுதான் விஷயம் தெரியவரும். அதற்குள் அந்தச் சரக்கு நிலையத்தைத் தாண்டிப் போயிருக்கும்.

ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை தோல் பகுதி நிலையங்களில் குரோம், சல்ஃபைடு, உப்பு, பூஞ்சைக்கொல்லி ஆகியவைதான் முதல் சந்தேகம். திருப்பூர் சாயக்கழிவு நிலையங்களில் ஹைப்போ (ஹைப்போகுளோரைட்), பெராக்சைடு, ஹைட்ரோஸ் (சாயத்தை ஒடுக்கும் கெமிக்கல்), வெட்டிங் ஆயில் (துணியை நனைய வைக்கும் சோப்பு வகை), சுடுதண்ணீர். 2011 ஜனவரியில் உயர் நீதிமன்றம் திருப்பூர் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்ட பிறகு, கழிவுநீரைத் துளியும் வெளியே விடாத முறைக்கு எல்லோரும் மாற வேண்டியதாயிற்று. அப்படிப்பட்ட நிலையத்தில் உயிரியல் பகுதி படுத்தால் அடி நேராக ஆர்.ஓ. மெம்பிரேனில் (தண்ணீரிலிருந்து உப்பைப் பிரிக்கும் சவ்வு) விழும். சிதையாத சி.ஓ.டி.யும் உதிர்ந்த நுண் ஸ்லட்ஜும் (பாக்டீரியாச் சேறு) மெம்பிரேனை அடைத்துவிடும். கழுவும் கெமிக்கல் செலவையும் மாற்று மெம்பிரேன் விலையையும் பார்த்தால், கீழே சொல்லும் சோதனைகளுக்கு ஆகும் செலவு ஒன்றுமே இல்லை.

அறிகுறி வருவதற்கு முன்பே கையில் இருக்க வேண்டியவை

ஒன்று, ஓ.யு.ஆர்., அதாவது ஸ்லட்ஜ் ஆக்சிஜனை உறிஞ்சும் வேகம். தினமும் ஒரே நேரத்தில், ஒரே இடத்தில் எடுத்த எண்கள் குறைந்தது ஒரு மாதத்துக்காவது நோட்டில் இருக்க வேண்டும். நல்ல நாளில் என்ன எண் என்று தெரியாதவருக்குக் கெட்ட நாளின் எண்ணால் பயனில்லை.

இரண்டு, எடுத்து வைத்த மாதிரிகள். ஒவ்வொரு பம்பிங் ஸ்டேஷன் சம்பிலிருந்தும் இரண்டு மணிக்கு ஒரு முறை ஒரு லிட்டர் எடுத்து, நேரம் எழுதி, 4 டிகிரியில் மூன்று நாள் வையுங்கள். சல்ஃபைடு பார்க்க வேண்டிய பாட்டிலில் மட்டும் எடுத்த உடனே ஜிங்க் அசிடேட்டும் காஸ்டிக்கும் சேர்த்துவிட வேண்டும். இல்லையென்றால் சல்ஃபைடு காற்றில் போய்விடும், லேப் ரிப்போர்ட் 'இல்லை' என்று வரும்.

மூன்றாவதைப் பெரும்பாலானோர் வைத்திருப்பதில்லை. ஒரு 20 லிட்டர் பக்கெட்டில் நல்ல ஸ்லட்ஜ். மீன் தொட்டிக்குப் போடும் காற்றுப் பம்பு ஒன்று, வழக்கமான இன்லெட் தண்ணீர் தினமும் கொஞ்சம், மூன்று நாளைக்கு ஒரு முறை பழையதைக் கொட்டிவிட்டு டேங்கிலிருந்து புதிது. விஷம் வந்த நாளில் டேங்கில் இருக்கும் ஸ்லட்ஜ் ஏற்கெனவே அடிபட்டது. அதை வைத்து எந்த மாதிரியைச் சோதித்தாலும் எல்லாமே மந்தமாகத்தான் தெரியும். அடிபடாத ஸ்லட்ஜ் பக்கெட்டில் இருந்தால்தான் குற்றவாளி மாட்டும்.

ஓ.யு.ஆர். எடுக்கும் முறை

300 மில்லி பி.ஓ.டி. பாட்டில் (காற்றுப் புகாமல் மூடும் கண்ணாடி பாட்டில்), கிளறும் வசதியுள்ள டி.ஓ. (கரைந்த ஆக்சிஜன், மி.கி./லி.) புரோப், ஸ்டாப்வாட்ச். ஸ்லட்ஜை ஒரு கேனில் பாதி நிரப்பி மூடி நன்றாகக் குலுக்குங்கள். டி.ஓ. 6-க்கு மேல் ஏறியதும் பாட்டிலில் ததும்பத் ததும்ப ஊற்றி, குமிழி நிற்காமல் புரோபைச் செருகுங்கள். ஒரு குமிழி மாட்டிக்கொண்டாலும் அது பாட்டிலுக்குள் ஆக்சிஜன் விட்டுக்கொண்டே இருக்கும், எண் குறைவாக வரும். 30 வினாடிக்கு ஒரு தடவை எழுதுங்கள். 2-க்குக் கீழே போனதும் நிறுத்திவிடலாம்.

6 நிமிடத்தில் டி.ஓ. 6.4-லிருந்து 3.4-க்கு இறங்கியது என்று வைத்துக்கொள்வோம். நிமிடத்துக்கு 0.5, மணிக்கு 30 மி.கி./லி. எம்.எல்.வி.எஸ்.எஸ்., அதாவது ஸ்லட்ஜில் உள்ள கரிமப் பொருள் (பாக்டீரியாவின் அளவாக எடுத்துக்கொள்வது), லிட்டருக்கு 2.5 கிராம் என்றால் ஒரு கிராமுக்கு மணிக்கு 12 மி.கி. ஆரோக்கியமாக வேலை செய்யும் ஸ்லட்ஜில் இது ஏறக்குறைய 8-க்கும் 20-க்கும் நடுவில் இருக்கும். ஆனால் புத்தக எண்ணைவிட உங்கள் நோட்டில் உள்ள எண்தான் முக்கியம்.

தோல் கழிவில் உப்பு அதிகம். மீட்டரில் உப்பு அளவை அமைக்காமல் விட்டால், டி.ஓ. உண்மையைவிடக் கூடுதலாகக் காட்டும். தினமும் ஒரே தவறு நடந்தால் ஒப்பிட்டுப் பார்க்க ஒன்றும் கெடாது. ஒரு ஷிஃப்டில் அமைத்து அடுத்த ஷிஃப்டில் அமைக்காமல் விடுவதுதான் தொல்லை.

அறிகுறி 1: புளோயரை (காற்றடிக்கும் இயந்திரம்) தொடவில்லை, டி.ஓ. தானாக ஏறுகிறது

வழக்கமாக 1.5 முதல் 2-ல் நிற்கும் டி.ஓ. திடீரென 4, 5 என்று போகிறது. புளோயர் நன்றாக ஓடுகிறது என்று சந்தோஷப்படுவது பல நிலையங்களில் நடக்கும் தவறு. காற்று அதே அளவுதான் போகிறது. அதைச் சாப்பிட ஆள் இல்லை, அதனால்தான் எண் ஏறுகிறது.

ஆள் இல்லாததற்கு இரண்டு காரணம் இருக்கலாம். சாப்பாடு வரவில்லை, அல்லது சாப்பிட முடியவில்லை. தீபாவளி, பொங்கல் விடுமுறை முடிந்த மறுநாள் முதல் காரணமாகவே இருக்கும். பிரித்துப் பார்ப்பது எளிது. அதே ஸ்லட்ஜில் இரண்டு ஓ.யு.ஆர். எடுங்கள். ஒன்று அப்படியே. இன்னொன்றில் சோடியம் அசிடேட் லிட்டருக்கு அரை கிராம் போட்டு, பத்து நிமிடம் காற்றடித்த பிறகு. பசித்த ஸ்லட்ஜ் அசிடேட்டைக் கண்டதும் துள்ளும், எண் இரண்டு மூன்று மடங்காகும். அடிபட்ட ஸ்லட்ஜ் அசைந்துகூடக் கொடுக்காது.

அசையவில்லையா? அந்த நிமிடமே ஏரேஷன் டேங்குக்குப் போகும் பம்பை நிறுத்தி, ஈக்வலைசேஷன் டேங்கிலோ (வரத்தைச் சமன் செய்யும் தொட்டி) தனித் தொட்டியிலோ தேக்குங்கள். லேப் ரிப்போர்ட்டுக்காகக் காத்திருக்க வேண்டாம். மாதிரிகளை வெளியே எடுங்கள். கண்டுபிடிக்கும் முறை கீழே இருக்கிறது.

ஹைப்போ வந்ததா என்று மட்டும் உடனே பார்த்துவிடலாம். பொட்டாசியம் அயோடைடு ஸ்டார்ச் தாளை இன்லெட்டில் நனைத்தால் நீலமாகும். பெராக்சைடும் நீலமாக்கும். அதனால் நீலம் வந்தால் 'ஆக்சிஜனேற்றி ஏதோ ஒன்று' என்று மட்டும் எழுதிக்கொள்ளுங்கள்.

அறிகுறி 2: டி.ஓ. பூஜ்ஜியம், எல்லா புளோயரும் ஓடியும் ஏறவில்லை

இதையும் 'விஷம்' என்று சொல்லிவிடுவார்கள். பெரும்பாலும் இது கெமிக்கல் ஆக்சிஜனைத் தின்னும் கதை. முடி நீக்கும் சுண்ணாம்புக் குழியிலிருந்து வரும் சல்ஃபைடு ஒரு கிலோ இருந்தால், சல்ஃபேட்டாக முழுதும் மாற இரண்டு கிலோ ஆக்சிஜன் வேண்டும். நாளைக்கு ஆயிரம் கன மீட்டர் வரும் நிலையத்தில் லிட்டருக்கு 100 மி.கி. சல்ஃபைடு வந்தால் 200 கிலோ ஆக்சிஜன் அதற்கே போய்விடும். சாயக்கழிவில் ஹைட்ரோஸ் இதே வேலையைச் செய்யும்.

லெட் அசிடேட் தாள் பழுப்பாகவோ கறுப்பாகவோ மாறினால் சல்ஃபைடு. தாள் மாறவில்லை என்றால் ஸ்லட்ஜே இல்லாமல், இன்லெட் தண்ணீரை மட்டும் காற்றூட்டி ஓ.யு.ஆர். எடுங்கள். பாக்டீரியா இல்லாத பாட்டிலில் டி.ஓ. சரசரவென இறங்கினால் வேறு ஏதோ ஒடுக்கி (ஆக்சிஜனைத் தின்னும் கெமிக்கல்) இருக்கிறது. அதுவும் இறங்கவில்லை என்றால் நச்சு இல்லை, லோடு கூடிவிட்டது. அல்லது டிஃப்யூசர் (காற்றைக் குமிழியாக விடும் பகுதி) அடைத்துக்கொண்டது.

சல்ஃபைடுக்கு வைத்தியம் ஏரேஷன் டேங்கில் இல்லை, அதற்கு முன்னால். சுண்ணாம்புக் கழிவைத் தனியாகப் பிடித்து, மாங்கனீஸ் சல்ஃபேட் கொஞ்சம் போட்டுக் காற்றடித்தால் சல்ஃபைடு ஆக்சிஜனேற்றம் அடையும். மாங்கனீஸ் இங்கே வினையூக்கி மட்டுமே.

இங்கே உயிர் விஷயம் ஒன்று. சுண்ணாம்புக் கழிவோடு அமிலமான பிக்கிள் (தோலை அமில உப்புநீரில் ஊறவைப்பது) அல்லது குரோம் கழிவு கலந்தால் பி.எச். விழுந்து ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயுவாகக் கிளம்பும். பி.எச். 7-ல் கரைந்த சல்ஃபைடில் பாதி வாயு வடிவம்தான். அழுகின முட்டை நாற்றம் திடீரென்று நின்றால் வாயு போய்விட்டது என்று அர்த்தமில்லை, மூக்கு செத்துவிட்டது என்று அர்த்தம். 100 பி.பி.எம். அளவிலேயே மோப்பம் போய்விடும். கேஸ் மீட்டரும் மூச்சுக் கருவியும் மேலே கயிற்றோடு ஆளும் இல்லாமல் சம்புக்குள் யாரையும் இறக்கக் கூடாது. விழுந்தவரைத் தூக்க அடுத்தவர் வெறுங்கையோடு இறங்குவதுதான் இரண்டாவது சாவு.

அறிகுறி 3: சி.ஓ.டி. நன்றாகக் குறைகிறது, அம்மோனியா மட்டும் ஏறுகிறது

நைட்ரிஃபையர்கள், அதாவது அம்மோனியாவை நைட்ரேட்டாக மாற்றும் பாக்டீரியா, தொட்டாச்சிணுங்கிகள். சி.ஓ.டி. தின்னும் கூட்டம் ஒன்றும் உணராத அளவிலேயே இவை படுத்துவிடும். அதனால் நச்சுக்கு முதல் மணி இங்கே அடிப்பதுண்டு. இருந்தாலும் நச்சைச் சந்தேகிப்பதற்கு முன் மூன்றைப் பாருங்கள்.

காரத்தன்மை: ஒரு மி.கி. அம்மோனியா நைட்ரஜனுக்கு 7.14 மி.கி. காரத்தன்மை செலவாகும். வெளியேறும் தண்ணீரில் 100 மி.கி./லி. மிஞ்சவில்லை என்றால் அதுதான் காரணம். டி.ஓ.: 2-க்குக் கீழே போனால் நைட்ரிஃபையர் தளரும். வெப்பம்: சாயப்பட்டறைச் சுடுதண்ணீர் ஆறாமல் வந்து டேங்க் 40 டிகிரியைத் தொட்டால் இவை தாங்காது. தோல் நிலையத்தில் நான்காவதும் உண்டு. சுண்ணாம்பு நீக்க அம்மோனியம் சல்ஃபேட் போடுவதால், வரும் நைட்ரஜனே அன்றைக்குக் கூடியிருக்கலாம்.

நான்கும் சரியென்றால் பக்கெட் ஸ்லட்ஜை எடுங்கள். இரண்டு ஜாடி, ஒவ்வொன்றிலும் அரை லிட்டர் ஸ்லட்ஜ். ஒன்றில் நல்ல நாளின் கிளாரிஃபையர் (ஸ்லட்ஜைப் படிய விடும் தொட்டி) தண்ணீர் அரை லிட்டர், மற்றதில் சந்தேக மாதிரி அரை லிட்டர். இரண்டிலும் அம்மோனியம் குளோரைடு 150 மி.கி., சோடா உப்பு 500 மி.கி. போட்டு நான்கு மணி நேரம் காற்றடியுங்கள். தொடக்கத்திலும் முடிவிலும் நைட்ரேட், நைட்ரைட் இரண்டையும் அளந்து, இரண்டின் நைட்ரஜனையும் கூட்டி ஒப்பிடுங்கள். நைட்ரைட்டை விட்டுவிடாதீர்கள். பாதி வழியில் தடைபட்டால் அது நைட்ரைட்டாகவே தேங்கும். தேங்கிய நைட்ரைட் நைட்ரஜன் ஒரு மி.கி.க்கு 1.1 மி.கி. வீதம் சி.ஓ.டி.யையும் ஏற்றிக் காட்டும். 'சி.ஓ.டி.யும் ஏறிவிட்டது' என்று பதறுகிற பல இடங்களில் இதுதான் நடந்திருக்கும்.

அறிகுறி 4: ஸ்லட்ஜ் கீழே இறங்குகிறது, மேலே தண்ணீர் கலங்கலாக நிற்கிறது

ஒரு லிட்டர் ஜாடியில் 30 நிமிடம் விடுங்கள். ஸ்லட்ஜ் கெட்டியாக இறங்கி, மேல் தண்ணீர் டீத்தண்ணீர் மாதிரி மங்கலாக இருந்தால் பாக்டீரியாத் திரள் உடைந்திருக்கிறது. ஸ்லட்ஜ் இறங்காமல் உப்பிக்கொண்டு, மேல் தண்ணீர் தெளிவாக இருந்தால் அது நூல் பாக்டீரியா. நச்சைத் தேட வேண்டாம்.

திரள் உடைய நச்சு ஒரு காரணம், உப்புத் தாவல் இன்னொன்று. டி.டி.எஸ். 8,000-ல் பழகிய ஸ்லட்ஜுக்கு ஒரே இரவில் 14,000 வந்தால், சோடியம் போய்த் திரளைப் பிடித்து வைத்திருக்கும் கால்சியத்தின் இடத்தைப் பிடித்துக்கொள்ளும். மெதுவாக ஏறியிருந்தால் அதே 14,000-ஐ இந்த ஸ்லட்ஜ் தாங்கியிருக்கும். எனவே அன்றைய எண்ணை மட்டும் பார்க்காமல், உப்பைக் காட்டும் கண்டக்டிவிட்டி கோட்டை முந்தைய இரண்டு நாளுக்கும் பாருங்கள்.

மைக்ரோஸ்கோப் இங்கே கை கொடுக்கும், 100 மடங்கே போதும். தண்டோடு ஒட்டிக்கொண்டு மணி போல இருக்கும் வோர்டிசெல்லாவைத் தேடுங்கள். நல்ல நாளில் அதன் வாயைச் சுற்றியுள்ள மயிரிழைகள் சுழலும், தண்டு ஸ்பிரிங் போலச் சுருங்கி விரியும். நச்சு வந்தால் முதலில் வாய் மூடும், பிறகு தலை கழன்று தண்டு மட்டும் நிற்கும். ஒரு ஸ்லைடில் இருபது தண்டில் எத்தனையில் தலை அசைகிறது என்று ஷிஃப்டுக்கு ஒரு முறை எண்ணி எழுதுங்கள். விலை கூடிய ஆன்லைன் கருவி வாங்க முடியாத நிலையத்துக்கு இதைவிட மலிவான அலாரம் கிடையாது. தோல் கழிவில் உப்பு மிக அதிகமாக இருந்தால் வோர்டிசெல்லாவே இருக்காது. அப்போது நீந்தும் சிறு உயிர்கள் எவை வழக்கமாக இருக்கின்றனவோ அவற்றையே எண்ணுங்கள்.

அறிகுறி 5: நுரை

வெள்ளையாக, சோப்பு நுரை போல, தண்ணீர் தெளித்தால் அடங்குவது வெட்டிங் ஆயில் அல்லது செத்த பாக்டீரியாவிலிருந்து கசிந்த புரதம். எது என்று ஓ.யு.ஆர். சொல்லும். பழுப்பாக, பாயாசத்து ஏடு போலத் தடித்து, தெளித்தும் அடங்காதது நூல் பாக்டீரியா நுரை. ஸ்லட்ஜ் வயதை (ஸ்லட்ஜ் உள்ளே தங்கும் சராசரி நாள்) குறையுங்கள், அவ்வளவுதான்.

அறிகுறி 6: நச்சுக் கருவி அலறுகிறது, ஸ்லட்ஜ் நன்றாக இருக்கிறது

ஒளிரும் பாக்டீரியா சோதனை வைத்திருக்கும் நிலையங்களில் இது அடிக்கடி வரும். அது கடல் பாக்டீரியா. 2 சதவீத உப்பில், 15 டிகிரியில் வைத்து, 15 அல்லது 30 நிமிடத்தில் ஒளி எவ்வளவு மங்கியது என்று பார்ப்பது. சிவப்பு, பழுப்புச் சாயத் தண்ணீர் அந்த ஒளியையே விழுங்கிவிடும், கருவி 'நச்சு' என்று எழுதும். நிறத் திருத்தம் செய்யாத எண்ணை நம்ப வேண்டாம். தவிர, கடல் பாக்டீரியா உங்கள் ஸ்லட்ஜ் இல்லை. வருஷக்கணக்கில் குரோமும் சாயமும் பார்த்துப் பழகிய ஸ்லட்ஜ் தாங்குவதை அது தாங்காது. அந்தக் கருவியைச் சந்தேகம் எழுப்ப மட்டும் வையுங்கள், தீர்ப்பைச் சொந்த ஸ்லட்ஜ் சொல்லட்டும்.

எதிர்ப்புறமும் ஒரு பொறி உண்டு. சோதனைக்கு முன் மாதிரியின் பி.எச்.சை 8-க்குத் திருத்தினால் மூன்றிணைதிறக் குரோம் வீழ்படிவாகி அடியில் போய்விடும். மேல் தண்ணீரைச் சோதித்தால் நச்சே இல்லை என்று வரும். திருத்திய மாதிரி, திருத்தாத மாதிரி இரண்டையும் வையுங்கள்.

யாருடைய சம்ப், என்ன சரக்கு?

பக்கெட் ஸ்லட்ஜ் இங்கேதான் வேலைக்கு வருகிறது. ஐந்து ஜாடி. முதல் நான்கிலும் ஸ்லட்ஜ் 500 மில்லி, அசிடேட் அரை கிராம். முதல் ஜாடியில் மாதிரி இல்லை. அடுத்த மூன்றில் மாதிரி 100, 250, 500 மில்லி. எல்லாவற்றையும் நல்ல நாளின் கிளாரிஃபையர் தண்ணீரால் ஒரு லிட்டராக்குங்கள். குழாய்த் தண்ணீர் வேண்டாம். உப்பில் பழகிய ஸ்லட்ஜுக்கு அதுவே அதிர்ச்சி, குளோரினும் இருக்கும். ஐந்தாவதில் ஸ்லட்ஜ் இல்லை, மாதிரி 500 மில்லி, மீதி தண்ணீர். அசிடேட் போடாவிட்டால் மாதிரியில் உள்ள சாப்பாடே ஓ.யு.ஆரை ஏற்றி நச்சை மறைத்துவிடும். ஐந்தாவது ஜாடி இல்லாவிட்டால் சல்ஃபைடு தின்ற ஆக்சிஜனைப் பாக்டீரியா கணக்கில் எழுதிவிடுவீர்கள்.

30 நிமிடத்திலும் மூன்று மணியிலும் ஓ.யு.ஆர். எடுங்கள். முதல் ஜாடி 30, 500 மில்லி ஜாடி 13, ஸ்லட்ஜ் இல்லாதது 3 என்றால், பாக்டீரியாவின் பங்கு 10. தடை 67 சதவீதம். 10 சதவீதத்துக்குள் வரும் வித்தியாசம் கை நடுக்கம். நிலையத்துக்குள் உண்மையில் கலக்கும் விகிதத்திலேயே 20 சதவீதத்தைத் தாண்டினால் அந்த லைனை அடைப்பதே சரி.

அடைத்த பிறகு சரக்கைக் கண்டுபிடிக்க அதே மாதிரியை ஆறாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு வைத்தியம் செய்து மறுபடி சோதியுங்கள். தயோசல்ஃபேட் போட்டதும் நச்சு போனால் ஹைப்போ அல்லது பெராக்சைடு. ஈ.டி.டி.ஏ. (உலோகத்தைப் பிணைக்கும் கெமிக்கல்) போட்டதும் போனால் தாமிரம், துத்தநாகம் போன்ற உலோகம் (குரோம் இதற்கு எளிதில் மசியாது, அதற்குத் தனியாக இன்னொரு பங்கை எடுத்து பி.எச். உயர்த்தி வடிகட்டிப் பாருங்கள்). தூள் கார்பன் போட்டதும் போனால் பூஞ்சைக்கொல்லி, பீனால், சோப்பு வகை கரிமம். காற்றடித்ததும் போனால் சல்ஃபைடு அல்லது ஆவியாகும் கரைப்பான். இந்தப் பங்கைத் திறந்த வெளியில் வைத்துக் காற்றடியுங்கள். வெறுமனே வடிகட்டியதும் போனால் துகளோடு ஒட்டியது. ஆறாவதை ஒன்றும் செய்யாமல் ஒப்பீட்டுக்கு வையுங்கள். எதிலும் போகவில்லை என்றால் உப்பைப் பாருங்கள், அது எந்த வைத்தியத்துக்கும் அசையாது.

லேபுக்கு 'எல்லாம் பாருங்கள்' என்று அனுப்புவதைவிட, இந்த ஆறில் கிடைத்த துப்போடு அனுப்பினால் பணமும் நாளும் மிச்சம். உறுப்பினர் ஆலையோடு பேசும்போதும், 'உங்கள் சம்பில் இரவு 2 மணி மாதிரி, தயோசல்ஃபேட் போட்டதும் சரியானது' என்று சொன்னால் வாதம் சுருங்கும்.

டேங்கை எழுப்புவது

பதற்றத்தில் ஸ்லட்ஜை வெளியேற்றத் தொடங்குவதுதான் முதல் தவறு. கரையும் நச்சு என்றால் அது தண்ணீரோடு போய்விடும். நல்ல தண்ணீர் மூன்று தங்கல் காலம் (டேங்கின் கொள்ளளவு தண்ணீர் ஓட ஆகும் நேரம்) ஓடினால் டேங்கில் 5 சதவீதம்தான் மிஞ்சும். இருக்கும் ஸ்லட்ஜைக் காப்பாற்றி, டி.ஓ. 2-ல் வைத்து, ரிட்டர்னை (கிளாரிஃபையரிலிருந்து டேங்குக்குத் திரும்பும் ஸ்லட்ஜ்) முழுதாக ஓட்டுங்கள். கரிமம் என்று தெரிந்தால் தூள் கார்பன் போடலாம். குரோம் மட்டும் விதிவிலக்கு. அது ஸ்லட்ஜில் ஒட்டிக்கொண்டு ஸ்லட்ஜ் வயது முடியும் வரை உள்ளேயே சுற்றும். அதை மட்டும் தினமும் கொஞ்சமாக வெளியேற்ற வேண்டும். வெளியேற்றிய ஸ்லட்ஜ் அபாயக் கழிவுக் கணக்கில்தான் போக வேண்டும், உரக்குழிக்கு இல்லை.

மறுபடி லோடு கொடுப்பது கால் பங்கில் தொடங்கட்டும். அசிடேட் போட்ட ஓ.யு.ஆர். நோட்டில் உள்ள வழக்கமான எண்ணில் முக்கால் பங்கைத் தொட்டதும் அரைப் பங்கு, பிறகு முக்கால். ஒரு படி ஏற்றியதும் டி.ஓ. கீழே இறங்க வேண்டும். இறங்காமல் ஏறினால் ஒரு படி பின்வாங்குங்கள். சி.ஓ.டி. கூட்டம் சில நாளில் தேறிவிடும். நைட்ரிஃபையர் செத்திருந்தால் வாரக்கணக்கு ஆகும். அவசரமென்றால் நைட்ரிஃபிகேஷன் நன்றாக நடக்கும் வேறு நிலையத்தின் ஸ்லட்ஜை டேங்கரில் கொண்டுவரலாம். கொண்டுவருவதற்கு முன் ஒரு ஜாடியில் உங்கள் டேங்க் தண்ணீரோடு கலந்து நான்கு மணி நேரச் சோதனை செய்துவிடுங்கள். வீட்டுக் கழிவுநீர் நிலைய ஸ்லட்ஜ் 10,000 டி.டி.எஸ். தண்ணீரைப் பார்த்ததும் படுத்துவிட்டால், டேங்கர் வாடகையும் வீண், கிளாரிஃபையரில் கலங்கலும் கூடும்.